கட்சாலிலிருந்து வரும் மணி

சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பைக்குள் கைப்பேசி இரண்டு முறை மணியடித்து ஓய்ந்தது. அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்பதால் பெனிட்டாவின் போன் எந்நேரமும் அங்கேதான் குடியிருந்தது.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். மாதா படத்துக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு பைக்குள் இருந்த போனை எடுத்து, வந்த எண்ணுக்கே ஒரு மணி விட்டு நிறுத்தினாள். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. நல்ல மீனைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள் முகத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு நிறைவு.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் சிலுவைராஜ் அதைப் பார்த்தான். அவன் தினமும் அதைப் பார்க்கிறவன்.

"என்ன, தொரை அடிச்சிட்டாரா?"

"அடிச்சிட்டாரு. நீங்க சாப்பிடுங்க."

"இன்னைக்கு லேட்டு போல."

"அங்க மழையா இருக்கும்."

"இங்க மழை பெஞ்சா கொடியில கெடக்க துணிய எடுக்க ஆளில்ல. கட்சால்ல மழை பெய்யுறது மட்டும் ஒனக்கு ஒடனே தெரிஞ்சிருது."

"எடுத்தாச்சு. ஒங்க கைலியத்தான் மொதல்ல எடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிஷினை மிதித்தாள்.

சற்று நேரத்தில் சிலுவைராஜின் போனும் மணியடித்தது. அவனும் எழுந்து போய் தன் டப்பாவிலிருந்து தன் மாத்திரையை விழுங்கி, பதிலுக்கு ஒரு மணி விட்டான். அவனுக்கு வாய்த்த ஆள் கிருஷ்ணமூர்த்தி, போர்ட் பிளேரில் ஓய்வுபெற்ற கிளார்க். மணியோடு நிற்க மாட்டார். பின்னாலேயே வாட்ஸப்பில் ஒரு ரோஜாப்பூவும் 'குட் நைட்'டும் அனுப்புவார். சிலுவைராஜ் ஒரு நாளும் அந்த ரோஜாவைத் திறந்து பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவள் போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பிரிவுக்கு ஆலோசகராக இருக்கும் உமா மகேஸ்வரி. மூன்று வருடத்துக்கு முன்பு, இருவரும் மாத்திரையை அங்கங்கே விட்டுவிட்டார்கள் என்று ரத்தம் காட்டிக்கொடுத்தபோது, எதிரே உட்காரவைத்துச் சொன்னாள். தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை. விழுங்கியதும் ஒரு துணைக்கு மிஸ்டு கால். துணையும் விழுங்கிவிட்டுத் திருப்பி அடிக்க வேண்டும்.

"அப்ப நாங்க ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் துணையா இருந்துக்கிடுதோம் மேடம்," என்றான் சிலுவைராஜ்.

"அது நடக்காது. புருஷன் மறந்தா பொண்டாட்டி மறைப்பா. பொண்டாட்டி மறந்தா புருஷனுக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டு ஆளுங்களை நான் ஜோடி போடுறதில்ல."

இருவரிடமும் சம்மதம் கேட்டுவிட்டு வெளியாள் எண்களைக் கொடுத்தாள். ஒரு கட்டளையும் போட்டாள். போனை எடுக்கக் கூடாது. "பேச ஆரம்பிச்சா கதை முன்னால வந்துடும், மாத்திரை பின்னால போயிடும். மணி மட்டும் போதும். மணி வரலைன்னா எனக்குச் சொல்லுங்க."

பெனிட்டாவுக்குக் கிடைத்தவர் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த சிவஞானம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வந்தவர். சுனாமியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். இவ்வளவுதான் உமா மகேஸ்வரி சொன்னது. பெனிட்டா அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. கட்சாலில் எப்போது சிக்னல் வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மழை பெய்தால் டவர் செத்துவிடும் என்பதால், அங்கிருந்து மணி வந்தபிறகு, இவர்கள் குடியிருக்கும் ஹட் பேயில் இவள் விழுங்குவது என்று வழக்கமாகிவிட்டது. அது யாரும் பேசி முடிவு செய்ததல்ல. மணியடித்து மணியடித்தே படிந்துபோன வழக்கம்.

அந்த மூன்று வருடத்தில் பெனிட்டா ஒரு வேளையும் தவறவில்லை. ரத்தத்தில் கிருமி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சிலுவைராஜ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டான். ஆனால் அந்த நல்ல சேதிக்குக் காரணம் கட்சால் மணி என்பது அவனை உறுத்தியது.

கொச்சியில் விசைப்படகில் வேலை பார்த்த காலத்தில் அவனுக்கு வந்த நோய் அது. அவனிடமிருந்து அவளுக்கு. சோபியா வயிற்றில் இருந்தபோது எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் காப்பாற்றிவிட்டார்கள். அவள் இப்போது போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நோய் யாரால் வந்தது என்று பெனிட்டா அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் கேட்பாள் கேட்பாள் என்று அவன் காத்திருந்து பழகிவிட்டான். கேட்டிருந்தால் அழுது, காலில் விழுந்து, அடித்து, எப்படியோ கடந்திருப்பான். அவள் மௌனமாக சோறு போட்டாள்.

அதனால்தான் அந்த மணி அவனைக் குத்தியது. தான் கொடுத்த நோய்க்குள்ளேயே, தனக்கு வாசல் இல்லாத ஓர் அறையை அவள் கட்டிக்கொண்டாள் என்று அவனுக்குப் பட்டது. பொறாமைப்பட தனக்கு என்ன யோக்கியதை என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இல்லை. யோக்கியதை இல்லாதவனுடைய பொறாமை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புளிக்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பெனிட்டா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, "எந்திரிங்க, கையைத் தூக்குங்க," என்றாள். மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை அளந்தாள். கிறிஸ்துமஸ் சட்டை! கல்யாணம் ஆன புதிதில் தைத்துக் கொடுத்ததோடு சரி. சிலுவைராஜ் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான்.

"மூச்ச விடுங்க. நெசமான அளவு வேணும்."

"என்ன கலரு?"

"ஊதா. கோடு போட்டது."

"எனக்கு ஊதா நல்லாருக்குமா?"

பெனிட்டா நாடாவைச் சுருட்டினாள். "ஒங்களுக்கு ஈஸ்டருக்குத் தைக்கேன். இது கட்சாலுக்கு. அவருக்குன்னு யாரு இருக்கா? ஒசரம் தெரியாது. ஒங்கள மாதிரிதான் இருப்பாருன்னு ஒரு கணக்கு."

சிலுவைராஜ் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பெனிட்டா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஊதாச் சட்டை மிஷின் மேல் ஒரு கை மட்டும் பொருத்தாமல் கிடந்தது. சன்னலில் மணி அடித்தது. ஒன்று. இரண்டாவது முடிவதற்குள் சிலுவைராஜ் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டான்.

எதிர்முனையில் பதற்றமான குரல். வயதான குரல். "ஹலோ? என்னம்மா? ஏதும் சொகமில்லையா? மாத்திரை முடிஞ்சிருச்சா?"

"நான் அவ புருசன் பேசுதேன்."

"ஓ… சரிங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க நான் இருக்கேன். இனிமே நீங்க இங்க மணி அடிக்க வேண்டாம்."

"மேடம் சொன்னாங்களா?"

"நான் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு நாய் குரைப்பது மட்டும் கேட்டது. "சரிங்க," என்றது குரல். கோபமே இல்லாத 'சரிங்க.' சிலுவைராஜ் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஆள் சண்டை போடுவான் என்று நினைத்திருந்தான். வந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டுப் பைக்குள் போட்டான்.

பெனிட்டா வந்ததும் முதலில் சன்னலுக்குத்தான் போனாள்.

"மணி வந்துச்சா?"

"வரல. மழையா இருக்கும்," என்றான் அவன்.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவளே அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண்குரல் சொன்னது. அந்தக் குரல் சொல்லச் சொல்ல பெனிட்டா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மேடத்துக்குச் சொல்ல வேண்டும் என்றாள்; இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்று அவன் தள்ளிப்போட்டான்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ வரும், இதோ வரும் என்று உட்கார்ந்திருப்பாள். அப்படியே மிஷின் மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போவாள். சில நாள் விடிந்தபிறகு அவள் உள்ளங்கையில் மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே நாளில் வாங்கிய டப்பாக்கள். சிலுவைராஜ் அவள் இல்லாத நேரம் இரண்டையும் காதருகே குலுக்கிப் பார்த்தான். அவன் டப்பா கலகலவென்று ஒலித்தது. அவளுடையது நிறைந்த வயிறு போல் மந்தமாகச் சத்தம் போட்டது.

அவனுக்குப் பயம் வந்தது. அன்று சாயங்காலம் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக அவள் முன்னால் போய் நின்றான்.

"இந்தா. முழுங்கு."

"இருங்க. வரட்டும்."

"ஏளா, அவன் அடிச்சாத்தான் ஒனக்கு எறங்குமா? நான் குடுத்தா எறங்காதா?"

பெனிட்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க குடுத்தது ஒண்ணு ஏற்கெனவே ஒடம்புல ஓடிட்டு இருக்கு. அது போதும்."

பதிமூன்று வருடமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது அழவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. தண்ணீரைத் தானே குடித்தான்.

விடிந்ததும், "நான் மேடத்துக்குப் போன் போட்டு விசாரிச்சிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு கப்பல் ஜெட்டிப் பக்கம் போனான். அவன் யாருக்கும் போன் போடவில்லை. பஜாரில் சொக்கலிங்கத்தின் கைப்பேசிக் கடைக்குப் போய் ஒரு பழைய பட்டன் போனும் புது சிம்மும் கேட்டான்.

"என்ன சிலுவை, ரெண்டாவது சிம்மு?" சொக்கலிங்கம் ஆதாரை வாங்கிக்கொண்டே கண்ணடித்தார். "ரெண்டாவது வீடா?"

"மொத வீட்டுக்குத்தான்."

"எல்லாரும் அப்படித்தான்யா சொல்றான்."

வீட்டுக்கு வந்து, "ஆளு நல்லாத்தான் இருக்காராம். போன் தண்ணில விழுந்துட்டாம். புது நம்பர் வாங்குறாராம்," என்றான். பெனிட்டா மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றவேயில்லை.

அன்றிலிருந்து சிலுவைராஜ் சாயங்காலமானால் டிங்கிப் படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான். படகுகளை இழுத்துப் போடும் கொட்டகைக்குப் பின்னால் நின்று, தன் பெண்டாட்டிக்கு இரண்டு மணி விட்டு நிறுத்துவான். பிறகு அந்தப் பட்டன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பான். அவள் எழுந்து, டப்பாவைத் திறந்து, தண்ணீர் குடித்து, சன்னலுக்கு வர எடுக்கும் நேரம். உள்ளங்கைக்குள் போன் ஒரு தடவை அதிரும். நின்றுவிடும்.

முதல் நாள் அந்த அதிர்வு கை வழியாக நெஞ்சுவரை போனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், 'நான் இருக்கேன், நீ இருக்கியா' என்று அவள் அவனை ஒரு தடவை கேட்டதில்லை. இப்போது தினமும் கேட்டாள். அவனிடம்தான் கேட்டாள். ஆனால் அவனை அல்ல.

வீடு திரும்பும்போது அவள் முகத்தில் பழைய நிறைவு திரும்பியிருக்கும். "வந்துட்டு," என்பாள். பாட்டு முணுமுணுப்பாள். சிலுவைராஜுக்கு வயிறு எரியும். யார்மேல் எரிகிறது என்று யோசித்தால் தலை சுற்றும். சிவஞானம் இந்தக் கணக்கிலேயே இல்லை. மணி விடுகிறவன் அவன், பதில் வாங்குகிறவன் அவன், அந்த முகத்துக்குக் காரணமானவன் அவன். அப்படியும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்த்து, வீட்டில் சோறு தின்கிறவன் பொறாமைப்பட்டான். ஒரு நாள் வேண்டுமென்றே மணி விடாமல் இருந்து பார்த்தான். அவள் முகம் வாடியதைக் காணச் சகிக்காமல், கைலியைக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினான்.

மார்ச்சில் மாத்திரை வாங்க அவன் மட்டும் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினான். பெனிட்டாவும் உமா மகேஸ்வரியும் எதிரெதிரே உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும். "அவளுக்குத் தையல் வேலை மேடம், ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரு," என்றான். "சரி, சிவஞானம் எப்படி? மணி வருதா?" என்று கேட்டாள் உமா மகேஸ்வரி. "வருது மேடம்," என்றான். அதுவும் ஒரு வகையில் உண்மைதான் என்று கப்பலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு அனுப்ப முடியாமல் நின்றுபோன ஊதாச் சட்டையை உமா மகேஸ்வரியிடம் சேர்த்துவிடச் சொல்லி பெனிட்டா கொடுத்தனுப்பியிருந்தாள். அதைக் கொடுக்காமலேயே திரும்பக் கொண்டுவந்து, கொட்டகைக்குள் எண்ணெய்த் தகரத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

மே மாதம் தெற்கே ஒரு புயல் சின்னம் கிளம்பியது. கப்பல்கள் எல்லாம் ரத்து. மீன்துறைக்காரர்கள் ஒலிபெருக்கியோடு வந்து ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்கள். பகலெல்லாம் மழை. சாயங்காலம் கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ள, சிலுவைராஜ் நனைந்துகொண்டே இரண்டு மணி விட்டான். பதில் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது.

வீட்டுக்கு வந்தவன் சன்னலுக்கு வெளியே, ஓட்டுச் சரிவுக்குக் கீழே நின்று தலையைத் துவட்டினான். உள்ளே பெனிட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சா?" என்றான், எப்போதும் கேட்கிற கிண்டலோடு.

"வந்துச்சு. கட்சால்ல காலையில இருந்து டவர் கெடையாது. ரேடியோவுல சொன்னான். நீங்க டிங்கியப் பாக்கப் போனாத்தான் மணி வருது."

அவன் துவட்டுவதை நிறுத்தினான்.

அவள் போனைப் பைக்குள்ளிருந்து எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். அவன் இடுப்பு மடிப்புக்குள் பட்டன் போன் அதிர்ந்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எடுங்க," என்றாள். "எடுக்கக் கூடாதுன்னுதான் சட்டம். இன்னைக்கு எடுங்க."

அவன் எடுத்துக் காதில் வைத்தான். ஒரு கை தூரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் போனுக்குள் கேட்டாள்.

"அவரு உசுரோட இருக்காரா?"

அவள் குரல் மழையோடு ஒரு தடவை வந்தது, காதுக்குள் ஒரு தடவை வந்தது. சிலுவைராஜ் சொல்லிவிட்டான். டிசம்பரில் போனை எடுத்தது, பேசியது, அவர் 'சரிங்க' என்று சொன்னது, சட்டை எங்கே இருக்கிறது என்பதுவரை. பெனிட்டா அழவில்லை. திட்டவும் இல்லை.

"அஞ்சு மாசம்," என்றாள். "எனக்கு நீங்க அடிச்சீய. அவருக்கு யாரு அடிச்சா?"

அந்தக் கேள்வியை அவன் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அந்த மனிதனைத் தன் வீட்டிலிருந்து துரத்துவதோடு அவன் வேலை முடிந்துபோயிருந்தது. துரத்தப்பட்டவன் எங்கே போனான் என்று கேட்கத் தோன்றவில்லை.

சிவஞானத்தின் பழைய எண்ணுக்கு இருவரும் மாறி மாறி அடித்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. "மேடத்துக்குப் போடுங்க. நெசமாப் போடுங்க. நான் பக்கத்துல நிக்கேன்," என்றாள் பெனிட்டா.

உமா மகேஸ்வரி முழுவதையும் கேட்டுவிட்டு, "மார்ச்சுல என் முன்னாடி உக்காந்து வருதுன்னு சொன்னீங்களே சிலுவைராஜ்," என்றாள். "நான் புருஷன் பொண்டாட்டிய ஜோடி போடுறதில்லன்னு அன்னைக்கே சொன்னேன். இதான் காரணம். நீங்களே போட்டுக்கிட்டீங்க." விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

புயல் திசை மாறி வடக்கே போனபிறகும் கட்சாலுக்குத் தொடர்பு திரும்பவில்லை. சிலுவைராஜ் கடலுக்குப் போகவில்லை. சன்னலுக்கு அடியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். போன் அசைந்தால் எழுந்தான். காற்றில் பை அசைந்தாலும் எழுந்தான். தான் துரத்திய மனிதனின் மணிக்காக, தன் பெண்டாட்டியைவிடத் தவிப்போடு தான் காத்திருப்பதை அவனே உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது. பெனிட்டா தன் மாத்திரையை அந்த நாட்களில் தானே எடுத்து விழுங்கினாள், மருந்து குடிக்கிற முகத்தோடு.

கடைசியில் உமா மகேஸ்வரிதான் கூப்பிட்டாள். சிவஞானம் உயிரோடு இருக்கிறார். புயலுக்கு முன்பே காய்ச்சலும் இருமலுமாக, படகில் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. தேறி வருகிறார். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கலைன்னு அவரே டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டாராம். ஏன்னு கேட்டதுக்கு, 'என் சோம்பல்தான்'னு சொல்லியிருக்காரு. உங்க பேரை எடுக்கல."

கமோர்ட்டாவில் சிக்னல் உண்டு. அவர் போன் கட்சாலிலேயே நின்றுவிட்டதால் பக்கத்துக் கட்டில்காரரின் எண்ணை உமா மகேஸ்வரி கொடுத்தாள். பெனிட்டா போனை அவன் கையில் திணித்தாள்.

"நீ பேசேன்," என்றான் அவன்.

"நான் பேச மாட்டேன். எங்களுக்குள்ள பேச்சு கெடையாது."

எங்களுக்குள்ள! இத்தனைக்குப் பிறகும் அந்த வார்த்தை அவனைச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான்.

"நான் ஹட் பேயில இருந்து… அன்னைக்குப் பேசுனவன்."

"தெரியுது தம்பி." குரல் மெலிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அண்ணாச்சி. பெரிய தப்பு."

"அதெல்லாம் வேணாம். நீங்க சொன்ன பொறகு பொழுது பட்டா போனை அமத்தி வச்சிருவேன். அவங்க அடிச்சு, நான் சும்மா இருந்தா மனசு கெடுமில்லியா." இருமல். அடங்கக் காத்திருந்தான் சிலுவைராஜ். "மாத்திரையை மறக்கல்ல தம்பி. டப்பா முன்னாலதான் இருக்கும். எடுத்து என்னத்துக்குன்னு இருக்கும். ஒங்களுக்கு அது வெளங்காது. அன்னைக்கு நீங்க 'எடுத்துக் குடுக்க நான் இருக்கேன்'னு சொன்னீங்கள்ல, ரா முழுக்கத் தூக்கம் இல்ல. கோவம்னு இல்ல. பொறாம. பக்கத்துல நின்னு தண்ணி குடுக்க ஆள் இருக்கிறவங்க கூடவா நான் இவ்வளவு நாளா பங்கு கேட்டுக்கிட்டு இருந்தேன்னு."

தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட்டான் என்பது சிலுவைராஜுக்கு நம்ப முடியாததாக இருந்தது. தான் நீட்டிய தண்ணீரை அவள் வாங்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"தேறி வந்ததும் பழையபடி அடிங்க," என்றான். "அவளுக்கு நீங்க அடிச்சாத்தான் எறங்கும்."

"நீங்க கோவிக்க மாட்டீங்களே?"

"கோவிப்பேன்," என்றான் சிலுவைராஜ். "அதுக்காக நிறுத்திராதீங்க."

எதிர்முனையில் வந்தது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, எண்ணெய்த் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஊதாச் சட்டையை எடுத்து வந்தான். பெனிட்டா ஒன்றும் சொல்லாமல் அதைத் துவைத்து, காய வைத்து, தேய்த்து, கப்பலில் வேலை பார்க்கும் தெரிந்த பையனிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள். கொடுக்கும் முன் சிலுவைராஜ் அதை ஒரு தடவை தன் மார்பில் வைத்துப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது. ஆள் இளைத்திருப்பார், தொளதொளவென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம். பெனிட்டா மிஷினில் இருந்தாள். அவன் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சன்னலில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

மிஷின் சத்தம் நின்றது. டப்பா திறக்கும் ஒலி, டம்ளர் ஒலி. சன்னலுக்கு வந்து போனை எடுத்தாள். கட்சாலுக்கு ஒரு மணி போனது. அவள் முகத்தில் அது வந்தது. சிலுவைராஜ் தலையைக் குனிந்து வலையையே பார்த்தான். வயிற்றுக்குள் பழைய எரிச்சல் தன் இடத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

அவன் இடுப்பு மடிப்பில் பட்டன் போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது.

அந்த சிம்மைத் தூக்கி எறிய வேண்டும் என்று பல நாளாக நினைத்து எறியாமல் வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தான். பெனிட்டாவின் எண்தான். நிமிர்ந்தபோது அவள் சன்னலில் இல்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

முதலில் கட்சாலுக்கு. பிறகுதான் இங்கே. அந்த வரிசை அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு, கிருஷ்ணமூர்த்தியின் மணிக்குக் காத்திராமல் எழுந்துபோய், தன் மாத்திரையை விழுங்கினான்.